பின்சீட்டில் இருந்த பெண்

மேனுஷா பொலிஸில் சேரப்போகிறாள் என்றதும் அவளுடைய அப்பா ஸ்ரீஸ்கந்தராஜா கனநாள் அவளோடு கதைக்கவில்லை. “இலங்கையில யூனிபோம் போட்ட ஆக்களுக்குப் பயந்துதான் இஞ்ச ஓடி வந்தனாங்கள். நீ போய் அதையே போடப்போறியோ?” என்று ஒருதரம் கேட்டார். பிறகு அவளுடைய வேலையைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை. லண்டன் மோர்டனில் பிறந்து வளர்ந்தவள் போக்குவரத்துப் பிரிவில் சேர்ந்து, தன் பாட்டில் வேலைக்குப் போய் வந்தாள்.

டிசம்பர் மாதம். கென்சிங்டன் பக்கம், பனிமூட்டம் கலையாத ஒரு மத்தியானம். சிவப்பு விளக்கைத் தாண்டிப் பாய்ந்த கறுப்புக் காரொன்று, குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து வீதி கடந்த தாய்மேல் மயிரிழையில் மோதாமல் போனது. மேனுஷாவும் சார்ஜன்ட் பியற்றிஸும் துரத்திப்போய் மறித்தார்கள். நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் தூதரகக் கார் என்று தெரிந்துவிட்டது.

ஓட்டி வந்தவர் தலை நரைத்த, நேர்த்தியான மனிதர். மூச்சில் விஸ்கி மணத்தது. ஊதிக் காட்டச் சொன்னபோது சிரித்தபடியே இராஜதந்திரி அட்டையை நீட்டினார். அவரைக் கைது செய்ய முடியாது, காரைச் சோதிக்கவும் முடியாது. குடிவெறியில் ஓட்டாமல் தடுக்கலாம், அவ்வளவுதான். பியற்றிஸ் அவரைப் பணிவாக இறக்கி நடைபாதையில் நிறுத்திவிட்டு, வேறு சாரதியை அனுப்பும்படி தூதரகத்தோடு பேசினாள்.

காரைச் சுற்றி வந்தபோதுதான் பின்சீட்டில் ஒரு பெண் இருப்பதை மேனுஷா கண்டாள். சாம்பல் நிறச் சட்டை. மடியில் கோத்த கைகள். கண் இமைக்கவே இல்லை. ஜன்னல் கண்ணாடி ஒரு விரல் அளவு இறங்கியிருந்தது.

“சட்டையில பேரைப் பாத்தேன். தமிழா?”

குரல் உள்ளேயிருந்துதான் வந்தது. ஆனால் அந்தப் பெண்ணின் உதடு அசையவில்லை.

“ஓம் அக்கா.”

“என் பக்கம் பாக்காதீங்க. அவர் கவனிக்கிறார். இந்தக் கதவு உள்ளேருந்து திறக்காது.”

மேனுஷா வீதியைப் பார்த்தபடி கேட்டாள்: “வெளியில வர விருப்பமோ?”

“ஆமா.”

“தூதரகக் கார் எண்டபடியால் நான் இந்தக் கதவைத் திறக்க ஏலாது. முன்கதவு உங்களுக்குத் திறபடும். முன்சீட்டுக்கு ஏறி வாங்கோ. றோட்டில கால் வைச்சீங்கள் எண்டால் நான் பாத்துக்கொள்ளுவன்.”

அந்தப் பெண் ஓசையின்றி இருக்கைகளுக்கிடையே நுழைந்து முன்னால் வந்தாள். கதவு திறந்தது. வெறுங்கால் ஒன்று வெளியே வந்தது.

“மரியா,” என்றார் அந்த மனிதர், கனிவாக.

கால் அப்படியே நின்றது. அவள் முகம் மெதுவாக அவர் பக்கம் திரும்பியது, யாரோ பிடித்துத் திருப்புவதுபோல.

மேனுஷா கையை நீட்டினாள். “அக்கா, உங்கட பேர் என்ன?”

“ஹம்சா.” இப்போதுதான் அவளுடைய உதடு அசைந்தது.

“ஹம்சாக்கா, வாங்கோ.”

அவள் வந்தாள். அந்த மனிதர் சத்தம் போடவில்லை, தடுக்கவும் இல்லை. சிரித்தபடியே நின்றார்.

பொலிஸ் காரில் வைத்து மேனுஷா கேட்டாள்: “மரியா ஆர்?”

“எனக்கு முந்தி அவர் வீட்ல வேலை செஞ்சவங்க. அவங்க சட்டையைத்தான் எனக்குக் குடுத்தாங்க. பேரையும்.”

“இப்ப அவ எங்க?”

“தெரியல. அவங்க செருப்பு இன்னும் பின்வாசல்ல கெடக்கு. யாரும் எடுக்கிறதில்ல.”

ஹம்சாவுக்கு லண்டனின் சட்டன் பகுதியில் ஒரு காப்பகத்தில் இடம் கிடைத்தது. அந்த மனிதரின் இராஜதந்திர விலக்குரிமையை நீக்கச் சொல்லி பிரிட்டிஷ் வெளியுறவு அலுவலகம் கேட்டது. அவருடைய நாடு மறுத்தது. அவர் விமானமேறிப் போய்விட்டார். மரியா என்று எவரும் தங்களிடம் வேலை செய்ததே இல்லை என்று தூதரகம் பதில் அனுப்பியது. அந்த வீட்டில் இப்போது வேறொரு அதிகாரி குடியிருக்கிறார். அங்கேயும் பொலிஸ் நுழைய முடியாது.

ஒருநாள் வீட்டில் மேனுஷா இதையெல்லாம் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“அந்தப் பிள்ளை மரியாவை நீங்கள் தேடுறியளோ?”

“ஓம் அப்பா,” என்றாள் மேனுஷா. “வாசலுக்கு வெளியில நிண்டுதான் தேடுறம்.”