பாரோஸில் இறங்கிப்போன பெட்டி

போன சனிக்கிழமை பிராங்பேர்ட்டில் எங்கள் தமிழ்க் கடைக்குப் போயிருந்தேன். வாசலில் சாமான் வண்டி இயந்திரத்தை நிறுத்தாமல் நின்றது. உள்ளே கடைக்காரர் கருவாட்டுப் பெட்டியொன்றை அப்போதுதான் வெட்டித் திறந்திருந்தார். டீசல் புகையும் கருவாட்டு மணமும் ஒன்றாய் மூக்கில் ஏற, மிளகாய்த்தூள் வாங்க வந்ததை மறந்துவிட்டேன். மனம் நேரே கிரேக்க நாட்டுக் கடலுக்குப் போய்விட்டது. கிரேக்கத்துக்கும் கருவாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் என் மனைவிதான்.

இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ. ஊரில் சண்டை ஓய்ந்திருந்த காலம். கலியாணமாகி வதனி, சுற்றிவரக் கடலான நெடுந்தீவிலிருந்து ஜெர்மனி வந்து ஐந்து மாதம். எனக்கு, விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்கும் சமையற்கூடத்தில் வேலை. விடியப் போனால் பின்னேரம்தான் வருவேன். அவள் நான்காம் மாடி ஜன்னலோரம் இருந்து, அன்றைக்கு எத்தனை ரயில் போனது என்று மட்டும் சொல்வாள். சிரிப்பே இல்லை. நானோ என்னைப் பெரிய பகிடிக்காரன் என்று நம்பியிருந்தவன். ஐந்து மாதமாய்ச் சொன்ன பகிடிகளில் ஒன்றுகூட எடுபடவில்லை.

ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "எனக்கு இஞ்சை இருக்க ஏலாது. நான் அம்மாட்டைப் போறன்."

நான் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

"ஆடி வரைக்கும் பொறும். உமக்குக் கடல் காட்டுறன். அதுக்குப் பிறகும் போகவேணும் எண்டால் நானே டிக்கெட் போட்டுத் தாறன்."

வாயால் சொல்லிவிட்டேனே தவிர, எந்தக் கடல் என்று எனக்கே தெரியாது. நான் வவுனியாக் குளத்தைப் பார்த்து வளர்ந்தவன். கடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது உப்பு என்பதுதான். வேலையிடத்துக் கிரேக்கர் ஒருவர் நக்ஸோஸ் தீவில் தெரிந்த வீட்டில் ஓர் அறை பிடித்துத் தந்தார்.

ஏதென்ஸில் இறங்கி, பிரேயஸ் துறைமுகத்துக்குக் கப்பல் வெளிக்கிட இரண்டரை மணி நேரம் முன்பே போய் நின்றோம். ஜெர்மனி பழக்கிவிட்ட பழக்கம். கையில் பெரிய மண்ணிறப் பெட்டி. உள்ளே உடுப்பு, ரைஸ் குக்கர், இரண்டு பொதி கருவாடு.

"கடலுக்கு நடுவிலை இருக்கிற தீவுக்கு ஆரும் கருவாடு கொண்டு போவினமோ?"

"அவையின்ரை மீன் எப்பிடியோ, ஆர் கண்டது" என்றாள் வதனி.

பெட்டியைக் கப்பலின் அடித்தளத்தில், லாரிகள் நிற்கும் இடத்தில் விட்டுவிட்டு மேலே போகவேண்டும். நாங்கள் இறங்கவேண்டிய நக்ஸோஸுக்கு முன்னால் பாரோஸ் என்று ஒரு தீவு. அங்கே கப்பல் அணையும்போதே, பிந்திவிடக்கூடாது என்று வதனியையும் இழுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன். ஒரு தீவு முன்கூட்டியே இறங்கத் தயாரான ஆள் அந்தக் கப்பலில் நான் ஒருவன்தான்.

கீழே ஒரே நெரிசல். ஒரு கிரேக்க அம்மா பழப்பெட்டியோடு தடுமாறினார். வதனி அதை வாங்கி என்னிடம் நீட்டினாள்.

"பிடியுங்கோ. பார்த்துக்கொண்டு நிக்காதேங்கோ."

நெடுந்தீவுப் படகில் ஒருவரின் மூட்டையைப் பக்கத்திலிருப்பவர் வாங்கி, கைமாற்றிக் கைமாற்றிக் கரை சேர்ப்பார்கள். கை கொடுக்காமல் நிற்பவனை மனிதக் கணக்கிலேயே எடுக்கமாட்டார்கள். நான் வாங்கி அடுத்தவரிடம் கொடுத்தேன். அவர் தாடி வைத்த பாதிரியார், மறுபேச்சின்றி வாங்கினார். கொஞ்ச நேரத்தில் கரைவரை ஒரு வரிசை உண்டாகிவிட்டது. எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது. சமையற்கூடத்தில் சாப்பாட்டுத் தட்டுகள் கைமாற்றுகிற வேகத்தில், வருவது எது என்று பாராமல் தள்ளிக்கொண்டிருந்தேன்.

கதவு மேலெழும்பும்போதுதான் பார்த்தேன். கரையில் தனியே ஒரு மண்ணிறப் பெட்டி நின்றது. பிடியில் சிவப்புத் துணி. தொலைந்துபோகக்கூடாது என்று அதைக் கட்டியவனும் நானேதான்.

எல்லாம் முடிந்தது, இனி டிக்கெட் போடவேண்டியதுதான் என்று திரும்பினேன். வதனி ஒரு லாரியில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"உங்கடை பெட்டியை நீங்களே இறக்கி விட்டிட்டியளே, ராசா."

நக்ஸோஸில் வீட்டுக்கார அம்மா தொலைபேசியில் விசாரித்து, பெட்டி மறுநாள் கப்பலில் வரும் என்றார். விடிந்ததும் வதனி மாடியில் நின்று கடலைப் பார்த்தாள்.

"இண்டைக்குக் கப்பல் வராது."

"ஒன்பது இருபத்தைஞ்சு எண்டு அட்டவணையிலை கிடக்கு."

"காத்து உங்கடை அட்டவணை படிச்சதோ? நுரையைப் பாருங்கோ. எங்கடை ஊரிலை மாரியிலை அடிக்கிற வாடை இஞ்சை ஆடியிலை அடிக்குது. இந்த ஊர்க் கடல் தலைகீழ்."

வீட்டுக்காரரிடம் இரவல் வாங்கிய காற்சட்டை எனக்கு இரண்டு மடங்கு. அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒன்பது மணிக்கே துறைமுகம் போனேன். டிக்கெட் கூண்டு பூட்டிக் கிடந்தது. அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் "இண்டைக்கு வரும்" என்றாள், வந்தது. மூன்று நாள் வெயிலில் ஊறிய கருவாட்டுப் பெட்டியைக் கப்பற்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினார்.

அந்த நாட்களில் வதனி பேசிக்கொண்டேயிருந்தாள். சோளகம், கச்சான், கொண்டல் என்று காற்றுகளின் குணம் சொன்னாள். நான் அவளை விரும்பத் தொடங்கியது அங்கேதான். கலியாணம் அதற்கு முன்பே முடிந்திருந்தது, அது வேறு கதை.

திரும்பும் கப்பலில் கேட்டேன். "அப்ப, டிக்கெட் போடவோ?"

"முதல்லை வேறை பெட்டி வாங்குங்கோ. இந்த மணத்தோடை ஒருத்தரும் பிளேனிலை ஏத்தமாட்டினம்."

புதுப் பெட்டி ஊருக்குப் போவதற்கா, இங்கே இருப்பதற்கா என்று விளங்காமல் மூன்று கிழமை தவித்தேன். நாலாவது கிழமை அவளே போய் ஜெர்மன் வகுப்புக்குப் பதிந்துவிட்டு வந்தாள்.

போன வருடம் மகள் எங்களை அதே தீவுக்கு அனுப்பினாள். இப்போது கண்ணாடி அடைத்த வேகக் கப்பல். காற்று மேலில் படாது. காற்று எப்படி என்று கேட்டால் வதனியும் போனைத்தான் பார்க்கிறாள். இறங்கும்போது ஒரு பெண்ணின் பெட்டிக்குக் கை நீட்டினாள். அந்தப் பெண் பயந்து பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஜெர்மன் படித்து வேலைக்குப் போன பிறகும், சண்டை வந்தால் "நான் அம்மாட்டைப் போறன்" என்பதை வதனி விடவில்லை. "ஓம், போம்" என்பேன். ஊரில் மாமி, வதனியின் அம்மா, தவறி ஒரு மாதமிருக்கும். கறிக்கு உப்புக் கூடிப்போனதென்று ஏதோ சொன்னேன். "நான் அம்மா..." என்று தொடங்கியவள் அப்படியே நிறுத்திவிட்டாள். எழும்பிப்போய்ப் பாத்திரம் கழுவினாள். நான் பக்கத்தில் நின்று துடைத்துக் கொடுத்தேன். ஒருகாலம் அந்த வசனத்துக்கு நடுங்கியவன் நான். அன்றைக்கு அவள் அதைச் சொல்லி முடித்திருக்கலாம் என்றிருந்தது.