சரிந்த தென்னையும் ஹாஜறாவின் கரிக்கோடுகளும்

எழுபத்தெட்டு நவம்பர்ச் சூறாவளி ஹாஜறாவின் வளவில் நின்ற ஒரே தென்னையைக் கிணற்றடியிலிருந்து மதில்வரை நீளமாகப் படுக்க வைத்துவிட்டுப் போயிற்று. பாதி வேர் மேலே வந்துவிட்டது. மற்றப் பாதி மண்ணை விடவில்லை.

நான்காவது வாரம், கல்முனையில் மரக்காலை வைத்து மரம் விற்றுவந்த பக்கீர் முகைதீன் கோடரியோடும் இரண்டு ஆட்களோடும் வளவுக்குள் வந்து நின்றார்.

"மீராசா வெட்டச் சொல்லிட்டாரு புள்ளே. கூரைக்கு நல்ல மரம்."

மீராசா அவளுடைய கணவர். அந்தப் பக்கத்து வழக்கப்படி, கல்யாணத்தோடு பெண்வீட்டுக்குக் குடிவந்தவர். வீடும் வளவும் ஹாஜறாவுக்கு வாப்பா எழுதிக்கொடுத்த சீதனம். உறுதிப் பத்திரம் அவளுடைய பெட்டிக்குள் இருந்தது. அப்படியிருந்தும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

"என்னட்ட ஒருத்தரும் கேக்கல்லியே காக்கா?"

"செத்த மரத்துக்கு என்னத்தப் புள்ள கேக்கிற?"

"சாகல்ல. தலையத் தூக்குது. இஞ்ச பாருங்க."

மதிலில் மூன்று கரிக்கோடுகள் இருந்தன. குருத்தின் நுனி எட்டிய இடத்தை வெள்ளிக்கிழமை தோறும் அவள் குறித்து வந்திருந்தாள். முதற் கோட்டுக்கும் மூன்றாவதற்கும் ஒரு சாண் வித்தியாசம்.

"காத்துத் தூக்கியிருக்கும்" என்றார் பக்கீர் முகைதீன். ஆட்கள் சிரித்தார்கள்.

அப்போதுதான் வந்த மீராசா, "நீ உள்ளுக்குப் போ. நாங்க கதைக்கிறம்" என்றார்.

அவள் உள்ளே போனாள். போன வேகத்தில் ஒரு போத்தலோடு திரும்பி வந்தாள். ஒன்பதாம் வகுப்பில் டீச்சர் செய்து காட்டியதுபோல, பயறு முளைக்க விட்டு, முளைத்த பின் போத்தலைச் சரித்துச் சட்டியால் மூடி வைத்திருந்தாள். படுத்த போத்தலுக்குள் முளைகள் எல்லாம் வளைந்து மேலே பார்த்தன. வேர்கள் கீழே திரும்பியிருந்தன.

"சட்டிக்குள்ள காத்துமில்ல, வெளிச்சமுமில்ல. எது மேல, எது கீழ எண்டு இதுக்கு ஆரு சொன்ன?"

"பயறும் தென்னையும் ஒண்டா புள்ளே?"

"படுத்துக் கிடக்கிற மரத்துக்கு மேல எதுவெண்டு தெரியுது. நிமிந்து நிக்கிற ஒங்களுக்கு இது ஆர்ட வளவெண்டு தெரியல்ல. உறுதியக் கொண்டு வாறன், வாசிச்சுப்போட்டு வெட்டுங்க."

சிரிப்பு நின்றது. பக்கீர் முகைதீனும் மனைவியின் வீட்டில் இருப்பவர்தான். "நான் வாறன் மீராசா" என்று கோடரியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

மீராசா இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை. அந்த இரண்டு நாளும் அவள் தனியாகக் கூடை கூடையாக மண் சுமந்து வேரை மூடினாள்.

மரம் முழங்கை மடித்ததுபோல வளைந்து எழுந்தது. எண்பத்துநாலில் காய்த்தது. அந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வந்த பக்கீர் முகைதீனிடம் மீராசா மரத்தைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்: "எல்லாரும் வெட்டு வெட்டு எண்டாங்க. நான்தான் பொறுத்துப் பாப்பம் எண்டு விட்ட."

"ஓம், ஓம்" என்று தலையாட்டினார் பக்கீர் முகைதீன்.

இரண்டு தம்ளரில் இளநீர் கொண்டுவந்த ஹாஜறா வாசலிலேயே நின்றாள். பெருநாளுக்கென்று மீராசா மதிலுக்கு வெள்ளை பூசியிருந்தார். அவளுடைய கோடு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஒரு தம்ளரை விருந்தாளிக்குக் கொடுத்தாள். மற்றதற்கு மீராசா கையை நீட்டினார்.

"பொறுத்துப் பாருங்க மச்சான்" என்று சொல்லிவிட்டு, அதை அவளே குடித்தாள்.