பெட்டிக்குள் போன கலியாணம்

கள்ளன் எடுத்துவிடுவான் என்று பயந்து ஒளித்து வைத்த பொருளை, நானே சிரித்த முகத்தோடு தூக்கிக் கப்பலேற்றி உலகத்தின் மற்றப் பக்கத்துக்கு அனுப்பிவைத்தவன் நான். கள்ளன் என்றால் அதை லூயிஷாமைத் தாண்டிக் கொண்டுபோயிருக்க மாட்டான்.

எண்பதுகளின் கடைசியில் நடந்தது. லண்டன் லூயிஷாமில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் எனக்கு வேலை. கூட வேலை செய்தவ ஒரு பிலிப்பைன்ஸ்காரி. நான் அக்கா என்று கூப்பிட, அவவும் என்னைத் தம்பி என்று கூப்பிடப் பழகிவிட்டா. பேசியது உடைந்த ஆங்கிலம்தான். ஞாபகத்தில் நிற்பது மட்டும் தமிழில். அவவின் ஊர் கடலோரத்தில் ஒரு சின்னப் பட்டினம். முன்னால் கடல், பின்னால் தென்னை, நடுவில் ஒரு தேவாலயம், ஒரு நகரசபை. ஊருக்கே ஒரு டெலிபோன், அதுவும் சபைக்குள்.

வருசத்துக்கு ஒருமுறை அக்கா ஊருக்குப் பெட்டி அனுப்புவா. இடுப்பளவு காட்போட் பெட்டி. எவ்வளவு பாரம் என்றாலும் ஒரே கட்டணம் என்பதால் காற்றுக்குக்கூட இடம் விடமாட்டா. சப்பாத்துக்குள் சவர்க்காரம், கேத்திலுக்குள் சொக்லேட். அந்த முறை ஒரு மூலை மிச்சம் விழுந்துவிட்டது.

"பத்துத் துவாய்தான் வாங்கினனான். பங்கு குடுக்கப் பதினொரு வீடு இருக்கு" என்று அக்கா கவலைப்பட்டா.

"என்னட்ட குளிச்சுத் துடைக்கிற புதுத் துவாய் ஒண்டு சும்மா கிடக்கு" என்று பெரிய கொடைவள்ளல் மாதிரி ஓடிப்போய், பிளாஸ்டிக் உறையோடு கொண்டுவந்து நானே திணித்தேன்.

அந்தத் துவாயின் மடிப்புக்குள்தான் என் கலியாணப் பதிவுப் பத்திரம் இருந்தது. நான் இருந்த வீட்டை ஒருமுறை யாரோ உடைத்துக் களவெடுத்த பிறகு, கள்ளன் துவாயைத் தொடமாட்டான் என்று யோசித்து அங்கே செருகிய மூளை என்னுடையது. செருகியதை மறந்ததும் அதே மூளைதான்.

மார்கழி மாதம் கொழும்பிலிருந்து என் மனிசி போன் எடுத்தா. இரண்டு வருசமாக ஒரு லொட்ஜில் விசாவுக்குக் காத்துக் கிடந்தவ. "தை நடுப்பகுதியில இன்டர்வியூ. கலியாணப் பதிவின்ர ஒரிஜினலை உடன அனுப்புங்கோ. அது இல்லாட்டி வரவே வேண்டாமாம்."

"ஓம், பத்திரமா இருக்கு" என்றேன். சூட்கேசைத் திறந்த பிறகுதான் அந்தத் துவாய் எங்கே போனது என்று ஞாபகம் வந்தது. கலியாணம் பதிந்த அரசாங்கக் கந்தோர் ஊரில் நடந்த சண்டையில் எரிந்துபோனது. வேறு பிரதி இந்தப் பூமியில் இல்லை.

அக்காவிடம் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தா. "தம்பி, உன்ர மண்டைக்குள்ள என்ன இருக்கு? சோப்பு நுரையோ?"

அடுத்த நாள் காலைத் தேநீர் நேரத்தில் ஸ்டேஷன் போன் பெட்டிக்குள் இரண்டு பேரும் நெருக்கிக்கொண்டு நின்றோம். நகரசபைக் கிளாக்கர், அக்காவின் மீன்பிடிக்கிற அண்ணனை ஆளனுப்பிக் கூப்பிட்டார். அண்ணன் சொன்ன செய்தி: பெட்டி போன கிழமையே வந்து, ஊர் கூடித் திறந்து, எல்லாம் பங்கும் போட்டாச்சு. அந்த ஊரில் பெட்டியைக் கதவு சாத்திக்கொண்டு திறந்தால் சனம் பிறகு முகம் பார்க்காதாம்.

எந்தத் துவாய் எந்த வீட்டுக்கு? யாருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பாதிரியார் அறிவித்தாராம்: லண்டனில் ஒரு மனிதர் தன் கலியாணத்தைத் துவாய்க்குள் வைத்துத் தொலைத்துவிட்டார். சனம் விழுந்து விழுந்து சிரித்ததாம். சிரித்து முடிய வீட்டுக்குப் போய், கொடியில் ஈரமாகக் கிடந்ததைக்கூட எடுத்துவந்து ஒவ்வொன்றாக உதறிக் காட்டியதாம். பத்துத் துவாய். ஒன்றிலும் இல்லை.

பதினோராவது ஊர் மருத்துவிச்சியிடம். அவ ஒரு பிள்ளைப்பேற்றுக்காகக் கடலுக்கு அப்பால் ஒரு சின்னத் தீவுக்குப் போய்விட்டா. வீடு பூட்டு. கடல் கொந்தளிப்பு, வள்ளம் ஓடவில்லை. புதுத் துவாய் எதற்கென்று எனக்குத் தெரியாதா? பிறந்த பிள்ளையைச் சுற்றத்தான் கொண்டுபோயிருப்பா. ஈரத்தில் என் பத்திரம் கூழாகிக் கிடப்பது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

நாலு நாள். இடையில் மனிசி போன் எடுத்து, "அனுப்பியாச்சோ?" என்று கேட்டா. "அனுப்பியாச்சு" என்றேன். அது பொய்யில்லை, விலாசம்தான் பிழை. வேலைக்குப் போனால் மெஷினுக்குள் போடுகிற ஒவ்வொரு துவாயையும் உதறி உதறிப் பார்த்தேன். லூயிஷாம் கிழவர்களின் துவாயில் என் கலியாணம் எப்படி வரும்? மனேஜர் இரண்டு நாள் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் படு என்று சொன்னார்.

ஐந்தாம் நாள் அக்கா போனைக் காதில் வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டா. பிறகு தன் மொழியில் என்னவோ கத்தி, என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தா. மருத்துவிச்சி திரும்பி வந்திருக்கிறா. துவாய் அவவின் அலுமாரிக்குள், உறையோடு. பாவிக்க மனம் வரவில்லையாம். வீட்டுக்கு யாரும் பெரிய ஆள் வந்தால் கொடுக்கவென்று வைத்திருந்தாவாம். எங்கள் வீடுகளிலும் நல்ல கோப்பைகள் அப்படித்தானே அலுமாரிக்குள் கிழடாகின்றன!

தை பிறக்க முதல், லண்டனுக்கு வேலைக்கு வந்த அந்த ஊர் நேர்ஸ் ஒருத்தி அதைக் கையில் கொண்டுவந்தா. பத்திரத்தை மட்டுமில்லை, துவாயை அப்படியே, மடிப்புக் கலையாமல். கொடுத்த பொருள் குறையக்கூடாதாம். இன்டர்வியூவுக்கு முதல் நாள் பத்திரம் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது.

மனிசி வந்திறங்கிய கிழமையே சபைக்குப் போன் போட்டு மருத்துவிச்சியைக் கூப்பிடச் சொன்னேன். முகம் தெரியாத ஒருவனுக்காக ஒரு பட்டினமே கோயில் வாசலில் நின்று துவாய் உதறியதற்கு எப்படி நன்றி சொல்வது? அன்றைக்கு அதைச் சொல்லத்தான் ஒரு பக்கத்துக்கு ஆங்கிலத்தில் எழுதிப் பாடமாக்கி வைத்திருந்தேன். இரண்டாவது வரிக்குள் அவ மறித்தா.

"மனிசி வந்திட்டாவோ?"

"ஓம், பக்கத்திலதான் நிக்கிறா. நான் என்ன சொல்ல வந்தனான் எண்டால்..."

"போனை அவவிட்டக் குடு."