பீல்டில் கால் வைக்காத பெண்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்தக் கோபத்தால் ஒரு நாள் என் பட்டமே கை நழுவிப் போகப் பார்த்தது.

பல்கலைக்கழகத்தில் நான் படித்தது சுற்றாடல் விஞ்ஞானம். கடைசி வருடத்தில் ஆறு மாதம் ஏதாவது ஓர் இடத்தில் பயிற்சிக்குப் போயே தீர வேண்டும். போகாவிட்டால் பட்டம் இல்லை. இடத்தையும் நாங்களேதான் தேடிக்கொள்ள வேண்டும். கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் கொழும்பில் மாமா வீடு, சித்தி வீடு என்று தங்கிக்கொண்டு பெரிய பெரிய கம்பனிகளில் சேர்ந்துவிட்டார்கள். எனக்குக் கொழும்பில் யார் இருக்கிறார்கள்? ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில் அம்மாவும் நானும்தான். கொழும்பில் அறை எடுத்துத் தங்குவதை நினைத்தே பார்க்க முடியாது. ஈமெயில் அனுப்பி அனுப்பிக் கை ஓய்ந்த பிறகு, நுவரெலியாவில் காடு பாதுகாக்கும் ஒரு சின்ன அமைப்பிலிருந்து மட்டும் நேர்முகத்துக்கு வரச் சொல்லிப் பதில் வந்தது. இதையும் விட்டால் அடுத்த வருடம்தான் என்று கேம்பஸில் சொல்லிவிட்டார்கள்.

"போயிட்டு வா. வாய மட்டும் அடக்கிக்க," என்று அம்மா திருநீறு பூசி அனுப்பினார். எல்லாவற்றையும் அடக்கினேன், வாயைத் தவிர.

அலுவலகம் ஒரு பழைய பங்களாவின் முன் அறை. மேசைக்குப் பின்னால் ஒரு சிங்கள மேடமும், கண்ணாடி போட்ட ஓர் ஆபீசர் சேரும் இருந்தார்கள். மேடத்துக்கு நரைத்த தலை. முடியைக் கட்டையாக வெட்டி, தொளதொளவென்று ஓர் ஆம்பிளைக் கம்பளி ஜம்பர் போட்டிருந்தார். படிப்பைப் பற்றிச் சில கேள்விகள் கேட்டார்கள், நல்லபடியாகவே சொன்னேன். பிறகு மேடம் என் விண்ணப்பத்தில் தோட்டத்துப் பெயர் இருந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு இங்கிலீஷில் கேட்டார்: "பீல்ட் எக்ஸ்பீரியன்ஸ் ஏதும் இருக்கா?"

எனக்குச் சுர்ரென்று உச்சிக்கு ஏறியது.

எங்கள் தோட்டத்தில் பீல்டு என்றால் ஒன்றுதான், தேயிலை மலை. கொழுந்து எடுக்கிற இடம், புல்லு வெட்டுகிற இடம், கணக்கப்பிள்ளை மேட்டில் நின்று ஏசுகிற இடம். பள்ளிக்கூட விடுமுறை வந்தால் லயத்துப் பிள்ளைகள் சிலர் கைச்செலவுக்குக் கொழுந்தெடுக்கப் போவார்கள். அம்மா என்னை ஒரு நாள்கூட விட்டதில்லை. பகல் சாப்பாடு கொண்டுபோனாலும் ரோட்டிலேயே நின்று கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். "பீல்டுல ஒங்காலு படக்கூடாது. பட்டா ஒட்டிக்கும்," என்பார். டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகு சில பிள்ளைகள் என்னைத் தோட்டக்காட்டாள் என்று கேலியாகக் கூப்பிடும்போதெல்லாம் அம்மாவின் வார்த்தையைத்தான் எனக்குள் சொல்லிக்கொள்வேன்: என் கால் பீல்டில் பட்டதில்லை. இப்போது இந்த மேடம் விலாசத்தைப் பார்த்துவிட்டு, நீ கொழுந்து எடுத்தவள்தானே என்று கேட்கிறார். பட்டப்படிப்புக்கு இதுதான் மரியாதையா?

"நோ மேடம்," என்றேன். "நெவர்! எங்க அம்மா என்னை பீல்டில் கால் வைக்க விட்டதே இல்லை."

"நெவர்?" மேடத்தின் புருவம் மேலே போனது.

"நெவர்," என்று தலையை நிமிர்த்திச் சொன்னேன். சேர் பேனாவை மூடி வைத்தார். அறிவிக்கிறோம் என்றார்கள். அப்போதும் எனக்குப் பெருமைதான். நல்லாக் குடுத்தோம் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ராகலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். எனக்குப் பிறகு நேர்முகத்துக்குப் போன ஒரு பெண்ணும் வந்து முன் சீட்டில் உட்கார்ந்தாள். அவள் போனில் யாரிடமோ சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "பீல்ட் எக்ஸ்பீரியன்ஸ் கேட்டாங்க. ரெண்டாம் வருசம் குருவி எண்ணப் போனோமே, அதைச் சொன்னேன். மேடத்துக்கு நல்ல சந்தோசம்."

நெற்றியில் அடித்துக்கொண்டேன், சத்தம் கேட்கும்படியாகவே. அட முட்டாளே! நாலு வருடம் பீல்ட் ட்ரிப், பீல்ட் ட்ரிப் என்று காடு காடாக அலைந்தவள் நீ. அட்டைக்கடி வாங்கினாய். ஆற்றுக்குள் முழங்கால் தண்ணீரில் நின்று கல்லைப் புரட்டிப் புழு எண்ணினாய். இவ்வளவும் செய்துவிட்டு, சுற்றாடல் வேலைக்கு வந்த இடத்தில் வெளியே கால் வைத்ததே இல்லை என்று மார் தட்டியிருக்கிறாய்!

பஸ் நகரத் தொடங்கியிருந்தது. "எறங்கணும், எறங்கணும்!" என்று கத்தினேன். கண்டக்டர் சிரித்தார். "என்ன நங்கி, இப்பத்தானே ஏறுனீங்க? ராகலை வந்துருச்சா?" இறங்கி, செருப்பு ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் என்று மேட்டில் ஓடினேன்.

மேடம் வராந்தாவில் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு மூச்சு வாங்கியது. தெரிந்த சிங்களமும் அந்த நேரம் பார்த்து மறந்து தொலைந்தது. "மேடம், பீல்டு இல்ல. பீல்டுன்னா தேயிலை. அம்மா. நான் இல்ல. ஆனா நான் காட்டுக்குப் போயிருக்கேன்," என்று மூன்று மொழியிலும் உளறினேன். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, முதலில் மூச்சு விடச் சொன்னார். பிறகு நிதானமாகச் சொன்னேன். பீல்டு என்றால் எங்கள் ஊரில் என்ன, அம்மா எதற்காக என்னைத் தடுத்தார், நான் எதற்காகச் சீறினேன், எல்லாவற்றையும்.

மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. கேலி என்றால் எனக்கு உடனே தெரிந்துவிடும். "நாங்க என்ன நினைச்சோம் தெரியுமா? இந்தப் பிள்ளைக்கு ஏசி ரூம் வேணும் போலன்னு நினைச்சோம்," என்று சிங்களத்தில் சொன்னார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "ஆனா மகள், இங்க கையாலதான் வேலை. உலெக்ஸ்னு ஒரு முள்ளுப் புதர் மலைக்கு மேல சமவெளி முழுக்கப் பரவிக்கிட்டு வருது. மண்வெட்டி எடுத்து வேரோட தோண்டணும். உன் அம்மா இதுக்கு என்ன சொல்லுவாங்க?"

"ஒண்ணும் சொல்ல மாட்டாங்க மேடம்," என்றேன். இந்த ஒரு பொய்யை மட்டும் தடுமாறாமல் நல்ல சிங்களத்தில் சொன்னேன்.

இடம் கிடைத்தது. அம்மாவிடம் சுற்றாடல் வேலை என்று சொன்னேன். "அப்படின்னா?" என்றார். காட்டைப் பாதுகாக்கிற வேலை என்றேன். மறுநாள் விடிவதற்குள் அம்மா என்னைக் காட்டு ஒபிசர் ஆக்கிவிட்டார். பீலியில் தண்ணி பிடிக்கப் போனால் ஒரே கிண்டல். "அப்ப நாங்க வெறகு பொறுக்கப் போனா நீதான் புடிப்பியா புள்ள?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். "புடிச்சு ஜெயில்ல போடுவா எம்மக," என்று அம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சொன்னார். அந்த நடையில் இருந்த மிடுக்கைப் பார்த்த பிறகு மண்வெட்டியைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பட்டிப்பொல ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் பயிற்சிப் பிள்ளைகளைத் தங்க வைத்தார்கள். கிழமை நாளெல்லாம் அங்கே, சனிக்கிழமை வீடு. காலையில் வேன் எங்களை மேலே சமவெளிக்குக் கொண்டுபோய் இறக்கும். வரிசையாக நிற்போம், யார் எந்தப் பக்கம் என்று பிரித்துவிடுவார்கள். முதல் நாள் அப்படி நின்றபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அச்சு அசலாக எங்கள் தோட்டத்தில் காலையில் ஆள் பிரிக்கிற பெரட்டுதான்! புல்லில் பனி வெள்ளையாக உறைந்து கிடக்கும். உலெக்ஸ் பார்வைக்கு அழகான புதர், மஞ்சள் மஞ்சளாகப் பூ. கிட்டப் போனால் இலையே முள். கையுறை போட்டாலும் உள்ளே ஏறும். இரண்டு மணித்தியாலம் தோண்டினால் இடுப்பு நிமிராது. ஆனாலும் ஒரு புதர் வேரோடு கழன்று வரும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

முதல் சனிக்கிழமை வீட்டுக்கு வந்தேன். குளிருது என்று சொல்லி ஜம்பர் கையை விரல்வரை இழுத்துவிட்டிருந்தேன். அம்மா சுடச்சுடத் தேத்தண்ணி கொடுத்தார். டம்ளரைப் பிடித்ததும் சூடு காயத்தில் பட்டு "ஸ்ஸ்" என்று வாய்விட்டுவிட்டேன். அவ்வளவுதான். அம்மா கையைப் பிடித்து விரித்துப் பார்த்தார். உள்ளங்கையில் கொப்புளம், விரலெல்லாம் முள் கீறல், நகத்துக்குள் மண்.

"இது என்னடி கை?"

சொன்னேன். மறைக்க இனி என்ன இருக்கிறது?

அம்மா முதலில் நம்பவில்லை. பிறகு சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "புல்லு வெட்டவா? புல்லு வெட்டவா ஒன்னைப் படிக்க வெச்சேன்? மழையில நனைஞ்சு, அட்டை கடிச்சு, நாய் மாதிரி ஏச்சு வாங்கி, எதுக்குடி? எங்கையில இருந்த மம்பட்டிய ஒங்கையில குடுக்கவா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். திங்கட்கிழமை போகக் கூடாது என்றார். போகாவிட்டால் பட்டம் இல்லை என்று நான் கத்தினேன். "புல்லு வெட்டுறதுக்கு எதுக்குடி பட்டம்?" என்று அவரும் கத்தினார். என் கோபம் யாரிடமிருந்து வந்தது என்று யாருக்காவது சந்தேகம் இருந்திருந்தால், அன்று லயத்துக்கே தெரிந்திருக்கும்.

ஞாயிறு காலை முழுக்க அம்மா பேசவில்லை. பாத்திரங்கள்தான் பேசின. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, ஊக்கு ஒன்றை நெருப்பில் காட்டி எடுத்துக்கொண்டு வாசலில் வந்து உட்கார்ந்து, "கையக் குடு," என்றார். உள்ளே நின்றுவிட்ட முள்ளை ஒவ்வொன்றாகக் கிளறி எடுக்கத் தொடங்கினார்.

"வலிக்குதா?"

"இல்ல."

"பொய் சொல்லாத." அடுத்த முள்ளைக் கிளறிக்கொண்டே, "அது என்ன எழவு முள்ளு?" என்று கேட்டார்.

"வெள்ளக்காரன் கொண்டாந்து வெச்சதும்மா. இந்த மண்ணுக்குச் சொந்தமானது இல்ல. பரவுனா இங்க உள்ளதெல்லாம் அழிஞ்சிரும். அதான் புடுங்குறோம்."

அம்மா ஊக்கைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "நம்மளயும் இந்தியாவுல இருந்து அவன்தானே கொண்டாந்தான்? பாத்துக்க, நாளைக்கு நம்மளயும் புடுங்கச் சொல்லப் போறாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கும் வந்தது. சிரித்த சூட்டோடு கேட்டார்: "ஏசுறது யாரு?"

"என்னது?"

"அங்க ஒங்கள ஏசுறது யாருன்னு கேக்குறேன். கங்காணி இருக்காங்களா? இல்ல, அந்த மேடமேவா?"

"யாரும் ஏசுறதில்லம்மா."

"ஏசாம எப்படிடி வேல நடக்கும்?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டார். மேடமும் எங்களோடு நின்று தோண்டுகிறார் என்று சொன்னேன். களைத்தால் உட்காரலாம், ஏன் உட்கார்ந்தாய் என்று கேட்க ஆள் இல்லை என்றேன்.

"தேத்தண்ணி?"

"எல்லாரும் ஒண்ணா உக்காந்து குடிப்போம்."

"மேடமும்?"

"அவங்கதான் எல்லாருக்கும் ஊத்துவாங்க."

"மழ வந்தா?"

"வேலய நிப்பாட்டிட்டு வேன்ல ஏறி இருப்போம்."

அம்மா ஊக்கை மடியில் வைத்தார். கீழே பணிய லயத்துப் பக்கம் யாரோ கோழி விரட்டும் சத்தம் கேட்டது. அம்மா அந்தப் பக்கம் பார்த்தபடியே இருந்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "அங்க ஆள் எடுக்குறாங்களா?"

"யாருக்கும்மா?"

"எனக்குத்தான். மம்பட்டி வேல எனக்குத் தெரியாததா?"

பொய் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். "எடுக்க மாட்டாங்கம்மா," என்றேன். "படிச்ச புள்ளைங்களத்தான் எடுப்பாங்க. கேம்பஸ் போயிருக்கணும்."

"மம்பட்டி புடிக்கவா?"

"ஆமாம்மா."

நான் கிண்டல் செய்கிறேனா என்று அம்மா உற்றுப் பார்த்தார். இல்லை என்று தெரிந்ததும் முகத்தில் இருந்த கோபமெல்லாம் மெல்ல வடிந்தது.

"அப்ப நல்லவேள, ஒன்னைப் படிக்க வெச்சேன்," என்று சொல்லிவிட்டு, என் மற்றக் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.