இடப்பக்கம் விழுந்த உருண்டை

ஆம்புரோஸ் திர்கெல் தேயிலை வியாபாரத்தில் பேரெடுத்தவர்தான். ஆனாலும் இத்தனை பெரிய லண்டனில் அவருக்கென்று இருந்த நிம்மதி, கிளப்பில் கணப்படுப்பின் பக்கம் கிடந்த ஒரு தோல் நாற்காலி மட்டுமே. வீட்டோடு மாப்பிள்ளை பெர்சிவலின் வெடிச்சிரிப்புக்குப் பயந்தே மனிதர் தினமும் இங்கே ஓடிவருவார்.

அந்த மாப்பிள்ளையையே கிளப்பில் சேர்க்கச் சொல்லி அவர் பெயர் கொடுக்க வேண்டியதாயிற்று. மகள் ஈடித் அழுதுவிட்டாள். "பெரிய மனுஷங்க பழக்கம் கிடைச்சாத்தாம்பா அவர் தொழில் நிமிரும்." பெற்ற மனம் கேட்குமா?

ஓட்டெடுப்பு நாளில் அந்தப் பழைய மரப்பெட்டி மேசைக்கு வந்தது. ஆளுக்கொரு தக்கை உருண்டை. பெட்டியின் வாய்க்குள் கையை விட்டு வலப்பக்கம் போட்டால் சம்மதம், இடப்பக்கம் போட்டால் மறுப்பு. ஒரே ஒரு மறுப்பு விழுந்தாலும் ஆள் வெளியே. தக்கை என்பதால் விழும் சத்தமும் கேட்காது.

திர்கெல் கையை விட்டார். உள்ளே இருட்டு. அந்தச் சிரிப்பும் நாற்காலியும் நினைவுக்கு வந்தன. விரல்கள் இடப்பக்கம் போய்விட்டன.

கிளப் தலைவர் பெட்டியின் அடியில் இருந்த இரண்டு இழுப்பறைகளையும் திறந்தார். "ஒண்ணே ஒண்ணுதான் இடப்பக்கம். யாரோ கை தவறிப் போட்டிருப்பாங்க. நம்ம திர்கெல் முகத்துக்காக இன்னொரு தடவை போடுவோம்."

திர்கெலுக்கு உடம்பே கூசியது. பெற்ற மகள் சோற்றில் மண்ணள்ளிப் போட்டோமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. நாற்காலி போனால் போகட்டும் என்று இந்த முறை உருண்டையை வலப்பக்கமே போட்டார்.

இழுப்பறைகள் மறுபடி திறந்தன. இடப்பக்கம் ஒன்று கிடந்தது. மூன்றாம் முறை போட விதியில் இடமில்லை.

மாடிப்படியில் பழைய சிநேகிதர் லம்லி அவர் தோளில் கைபோட்டார். "மொதல் தடவை உன் முழங்கை எந்தப் பக்கம் மடங்குச்சுன்னு பாத்துட்டேன்யா. பயப்படாதே, மூச்சு விடமாட்டேன். ரெண்டாந்தடவை மகள் பாசம் உன் கையத் தடுத்துடும்னு தெரியும். அதான் உனக்காக நானே போட்டேன்."

நன்றியை எதிர்பார்த்து லம்லி சிரித்துக்கொண்டு நின்றார்.

வீட்டில் ஈடித், அப்பாவின் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். "யாருப்பா அந்தப் பாவி?"

"ரகசிய ஓட்டும்மா. யாருன்னு கேக்கக் கூடாது."

"உங்களையே இப்படி அவமானப்படுத்திட்டாங்களே!" என்று அவள் அவருடைய வலக்கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "இந்தக் கையாவது நமக்காகப் போட்டுச்சேப்பா."