தீ மிதித்தவன் வீட்டு ஞானஸ்நானம்

எங்கள் தீவில், மாயெபூர் என்ற ஊருக்கு அருகே ஒரு சிறிய மாதா கோயிலில் நான் உபதேசியாராக இருந்தேன். என் மனைவியின் தம்பி அருளப்பன் அங்கே கொஞ்சம் கரும்பு போட்டிருந்தான். அவன் மகள் காய்ச்சலில் கிடந்தபோது, அவள் பிழைத்தால் அம்மன் கோயிலில் தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டான். பிழைத்தாள், மிதித்தான்.

மறு ஆண்டு மகன் பிறந்தான். ஞானத்தகப்பனாக நிற்க என்னைக் கேட்டிருந்தான். ஞானஸ்நானத் தொட்டியருகே, சபை முழுவதும் பார்க்க, நான் பின்வாங்கினேன்.

“தீக்குழியில நடந்த காலோட இங்க வந்து நிக்கிறியே, உன் புள்ளைக்கு நான் பொறுப்பேத்துக்க மாட்டேன்.”

“புள்ள சாகக் கிடந்தா எந்த வாசல்னு பாக்கத் தோணுமா?” என்று மெதுவாகக் கேட்டான். கோயில் மணி அடிப்பவர் முன்வந்து குழந்தையை ஏந்தினார். அதன்பின் அந்தக் குடும்பம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

என் மனைவி இறந்து தனியனான பிறகுதான் மன்னிப்புக் கேட்க அவன் வீட்டுக்குப் போனேன்.

“அதெல்லாம் அப்பவே மறந்தாச்சு. உக்காருங்க, உபதேசியாரே” என்று தேநீர் கொடுத்தான். மகனைக் கூப்பிட்டு வணக்கம் சொல்ல வைத்தான். அவன் பேச்சில் கோபமே இல்லை. முன்பெல்லாம் அவன் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவான். அப்படிக் கூப்பிட இந்தத் தீவில் எனக்கு வேறு யாரும் இல்லை.