மெத்தனால் டிரம்முக்கு வைத்த பொட்டு

1. முதல் காயம்

எங்கள் பயோடீசல் ஷெட்டில் முதல் நாள், முதல் காயம் எனக்குத்தான். அங்கே நான் சேஃப்டி ஆபீசர். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் நான் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று முடிவு செய்ய வசதியாக இருக்கட்டும் என்றுதான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன் குவைத்தில் ஒரு ரிஃபைனரியில், சேஃப்டி டிபார்ட்மெண்டில் இருந்தேன். ஊர் திரும்பியதும் எல்லோரும் என்னைப் பெரிய இன்ஜினியர் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை. அங்கே என் வேலை தீயணைப்பு சிலிண்டர்களுக்குத் தேதி அட்டை கட்டுவதும், எச்சரிக்கை போர்டுகளில் படியும் மணலைத் துடைப்பதும்.

மன்னார்குடி பக்கம் ரைஸ்மில் வைத்திருந்த மகாலிங்கம்தான் என்னை வேலைக்குக் கூப்பிட்டவர். நடவுக்கும் அறுப்புக்கும் வந்த ஆட்கள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டதால், வயலில் இறங்கியது எல்லாம் மெஷின். மெஷினுக்கு டீசல் வேண்டும், டீசல் விலையோ ஏறிக்கொண்டே இருந்தது. ஓட்டல்களில் பலகாரம் பொரித்து மிச்சமான எண்ணெயை வாங்கி நாமே டீசல் ஆக்கிக்கொள்ளலாம் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். அதற்காக மில் வளாகத்திலேயே இந்த ஷெட்டைப் போட்டார்.

செய்முறை சொல்லச் சுலபம். எண்ணெயைச் சூடு பண்ண வேண்டும். மெத்தனாலில் காஸ்டிக் சோடாவைக் கரைத்து அதில் கலக்க வேண்டும். கிளிசரின் அடியில் இறங்கிவிடும், மேலே நிற்பது டீசல். காஸ்டிக் தோலை அரிக்கும். மெத்தனால் பெட்ரோல் மாதிரி பற்றிக்கொள்ளும், அதன் ஆவி உடம்புக்கும் ஆகாது. கலவை கொதிநீர் போலச் சூடேறும்.

இதையெல்லாம் முதல் நாள் செல்விக்கு அரை நாள் வகுப்பாக எடுத்தேன். டீசலைத் தண்ணீர் விட்டு அலசி எடுக்கும் வேலைக்கு வந்தவள் அவள். "என்ன ஆனாலும் கண்ணாடியக் கழட்டக் கூடாதும்மா" என்று சொல்லிக்கொண்டே, ஆவி படிந்த என் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, காஸ்டிக் பட்ட கையுறையாலேயே வியர்வையைத் துடைத்தேன்.

செல்வி என் பிடரியைப் பிடித்துக் குழாயடியில் குனிய வைத்தாள்.

"போதும்மா, சரியாப் போச்சு."

"கால் மணி நேரம் தண்ணியிலயே இருக்கணும்னு நீங்கதான சொன்னீங்க. கண்ணத் தொறந்து வச்சிக்கிங்க சார்."

கண் தப்பித்தது. வலது புருவத்தில் பாதி போனது, அது இன்று வரை முளைக்கவில்லை.

2. ஆயுத பூஜை

ஆயுத பூஜைக்கு எங்கள் பக்கத்து மில்களில் எதுவும் பாக்கி இருக்காது. தராசு, மோட்டார், சைக்கிள் என்று எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். பிறகு பூசணிக்காயின் மேல் கற்பூரம் ஏற்றி ஒவ்வொரு மெஷினாகச் சுற்றிக் காட்டி, கடைசியில் வாசலில் உடைப்பார்கள். அந்தக் கற்பூரம் மெத்தனால் டிரம் பக்கம் வரும் என்பது எனக்கு ஒரு வாரமாகவே தெரியும்.

வேண்டாம் என்று சொல்ல வேண்டியதுதானே? நானோ வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன். மில்லில் மற்ற எல்லோரும் சாமி கும்பிடுகிறவர்கள். வந்த வருஷமே பூஜையை நிறுத்தினான் என்று பேர் வந்துவிடுமோ என்று பயம். அதனால் ஒரு தந்திரம் செய்தேன். பூஜையன்று விடிந்ததும் ஆள் வருமுன் இரண்டு டிரம்மையும் நானே உருட்டிக்கொண்டு போய், மில்லுக்குப் பின்னால் இருந்த சாக்குக் கொட்டகை ஓரத்தில் நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடினேன். எனக்கு அவ்வளவு பெருமை. உருட்டியதில் ஒன்றின் மூடி தளர்ந்து கசியத் தொடங்கியதை மட்டும் பார்க்கவில்லை.

பூஜை தடபுடலாக நடந்தது. என் 'புகை பிடிக்காதீர்' போர்டுக்கு மாவிலை கட்டினார்கள். தீயணைப்பு சிலிண்டருக்குப் பட்டை போட்டு, கைப்பிடியைச் சுற்றிப் பூச்சரம் இறுக்கினார்கள். அழகாக இருக்கிறது என்று நானே சொன்னேன். டிரைவர் ராஜேந்திரன் பூசணிக்காயை ஏந்தி ஷெட்டைச் சுற்றி வந்தான். ஒன்றும் ஆகவில்லை. மனதுக்குள் என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அப்போதுதான் செல்வி சந்தனக் கிண்ணத்தோடு சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ரெண்டு ட்ரம்மு இருக்குமே, அதுங்கள எங்க காணும்?"

"அத விடலாமா, தேடுங்கப்பா" என்றார் மகாலிங்கம்.

நான் வாயைத் திறப்பதற்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். செல்வி தார்ப்பாயை விலக்கி, டிரம்முக்குப் பொட்டு வைக்கக் குனிந்தாள். பின்னாலேயே எரியும் கற்பூரத்தோடு ராஜேந்திரன். கொட்டகை ஓரத்தில் தரை நனைந்திருந்தது அப்போதுதான் என் கண்ணில் பட்டது. ஓடினேன். கத்தவும் கத்தினேன், நெருப்பு என்று தமிழில் வராமல் குவைத் பழக்கத்தில் இங்கிலீஷில்: "இக்னிஷன் சோர்ஸ், இக்னிஷன் சோர்ஸ்."

ராஜேந்திரன் மரியாதையாக நின்று, "என்னா சார்?" என்றான். நின்ற இடம் அந்த ஈரத்தின் ஓரம்.

புஸ் என்று ஒரு சத்தம். அவன் பூசணிக்காயைப் போட்டுவிட்டுப் பின்னால் துள்ளினான். நெருப்பு எதுவும் தெரியவில்லை. மெத்தனால் வெயிலில் எரிந்தால் கண்ணுக்கே தெரியாது, புகையும் வராது. தார்ப்பாய் மட்டும் தானாகச் சுருங்கிக்கொண்டிருந்தது.

"ஐயோ, கால்ல என்னமோ சுடுதே" என்றாள் செல்வி.

"ஒண்ணும் இல்லையேம்மா" என்றார் மகாலிங்கம், அவள் காலையே பார்த்துக்கொண்டு. அவள் சேலைக்கரை கருகிச் சுருண்டு மேலே ஏறியது.

சிலிண்டரைப் போய் எடுத்தேன். கைப்பிடிக்குப் பூட்டாக இருக்கும் பின்னைப் பிடுங்க முடியவில்லை, பூச்சரத்தை அவ்வளவு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அதைப் போட்டுவிட்டு, காலையில் மெஷின் துடைக்க நனைத்துக் குவித்திருந்த சாக்குகளை அள்ளி வந்து அவள் கால்களைப் போர்த்தி இழுத்தேன். "தண்ணியத் தெறந்து வுடு, நிறுத்தாத" என்று கத்தினேன். இந்தத் தடவை தமிழில். ராஜேந்திரன் வண்டி கழுவும் ஓஸ் குழாயைத் திருப்பினான். மெத்தனால் தண்ணீரோடு கலந்துவிடும் சரக்கு, நிறையத் தண்ணீர் விட்டால் நீர்த்து அணையும். அணைந்தது. டிரம் வெடிக்கவில்லை. அதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை.

3. ஆஸ்பத்திரி

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் செல்விக்குக் கட்டுப் போட்டார்கள். இரண்டு கணுக்காலும் வெந்திருந்தன. நடப்பாள் என்று டாக்டர் சொன்னார். கட்டிலுக்குப் பக்கத்திலேயே மகாலிங்கம் கேட்டார்.

"ட்ரம்ம அங்க கொண்டுபோனது யாரு?"

"நாந்தாங்க."

எல்லாவற்றையும் சொன்னேன், வேதக்காரன் பூஜையைக் கெடுத்தான் என்று பேர் வருமோ என்று பயந்ததையும் சேர்த்து. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏங்க ஆரோக்கியம், பெட்ரோல் பங்குலயும் வருசா வருசம் பூஜை நடக்குது. டேங்குக்குள்ளயா கற்பூரம் காட்டுறான்? ரோட்டோரமா காட்டிட்டு வந்துடுறான். ஒரு வார்த்த சொன்னா கேக்க மாட்டமா?"

செல்வி என் பக்கம் திரும்பவில்லை. கூரையைப் பார்த்தபடி சொன்னாள்: "அன்னிக்கு அரை நாள் பேசுனீங்களே சார். இதையும் அதுல சேத்து சொல்லியிருக்கலாம்."



பிள்ளைகளே, கையுறை, கண்ணாடி, பக்கத்தில் தண்ணீர் எல்லாம் அவசியம்தான். அதற்கு முன்னால், எது ஆபத்து என்று தெரிந்ததோ அதைக் கூட இருப்பவர்களிடம் அவர்கள் பாஷையில் சொல்லிவிடுங்கள். ஆபத்தை இடம் மாற்றி மூடி வைத்தால், தெரியாமல் போய் மிதிப்பது அவர்கள்தான்.

மறு வருஷம் கற்பூரம் மில் கேட்டுக்கு வெளியே, ரோட்டோரம். நான்தான் இடம் காட்டினேன், யாரும் முகம் சுளிக்கவில்லை. செல்வி உள்ளே எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள், சிலிண்டரின் கைப்பிடியை மட்டும் விட்டுவிட்டு. கணுக்காலில் தழும்பு தெரிந்தது. கடைசியில் கிண்ணத்தோடு என் எதிரில் வந்து நின்றாள்.

"எல்லாம் ஆச்சா?" என்று கேட்டேன்.

"இந்த மில்லுலயே ஆபத்தான மிசினு ஒண்ணு பாக்கி இருக்கு சார்" என்றாள்.

என் தலையிலிருந்த மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றி நீட்டினேன். நடுவில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள்.